பால்சேமியா: கூகெல், ஷீர் குர்மா, பாயசம்

பால்சேமியா: கோதுமை மாவை மெல்லிய நூலாக்கி உலர்த்தி, பாலிலோ பால்பொருள்களிலோ இனிப்புச் சேர்த்துச் சமைக்கும் பண்டங்களுக்கு இக்கட்டுரை வைத்துக்கொள்ளும் பொதுப்பெயர். பாலாற்றுப் பள்ளத்தாக்கின் தோல்பட்டறை ஊர்களான ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஆகியவற்றில் நோன்புப் பெருநாள் காலையில் கிண்ணத்தில் ஊற்றித் தரும் ஷீர் குர்மா இதில் ஒன்று. அதே ஊர்களிலும், ஜவ்வாது மலையடிவாரத்து அமிர்தி வரையிலான கிராமங்களிலும் இலைச் சாப்பாட்டின் முடிவில் வரும் சேமியா பாயசம் இன்னொன்று. கிழக்கு ஐரோப்பிய யூதர் வீடுகளில் முட்டையும் பாலாடைக்கட்டியும் கலந்து தட்டில் சுட்டுத் துண்டு போட்டுப் பரிமாறும் லொக்ஷன் கூகெல் மூன்றாவது. பொருள்களை மட்டும் எழுதிப் பார்த்தால் மூன்றும் ஏறக்குறைய ஒன்றே: கோதுமை நூல், பால், சர்க்கரை, கொழுப்பு, திராட்சை. உருவம்தான் வேறு. ஒன்று குடிக்கும் பதம், ஒன்று கரண்டிப் பதம், ஒன்று கத்திப் பதம். இந்த வேறுபாட்டுக்கு ருசியையோ இனத்தையோ காரணமாகச் சொல்வது வழக்கம். பண்டிகை என்றைக்கு என்பது முன்கூட்டித் தெரியுமா, அந்த நாளில் அடுப்பு எரியலாமா என்ற இரண்டு கேள்விகளுக்கு ஒவ்வொரு சமூகமும் கொண்டிருந்த விடையே பண்டத்தின் உருவை முடிவு செய்தது என்பதுதான் இங்கே முன்வைக்கப்படும் கருத்து. தேதியும் தீயும் என்று சுருக்கிச் சொல்லலாம்.

முதலில் தோல்பட்டறை ஊர்கள். 17ஆம் நூற்றாண்டில் பீஜப்பூர்ப் படைகளும், அவற்றின் பின்னால் முகலாயப் படைகளும் வேலூர்ப் பக்கம் இறங்கின. 18ஆம் நூற்றாண்டில் நவாப்பின் தலைநகரமாக ஆற்காடு ஆனது. 1749 ஆகஸ்டு 3ஆம் தேதி நவாப் அன்வருத்தீன் கான் ஆம்பூர்ப் போரில் இறந்தார். இந்த நூறு நூற்றைம்பது ஆண்டுகளில் தக்காணத்து உருது பேசும் குடும்பங்கள் இங்கே ஊன்றின. அவர்களுக்கு முன்பே வணிகத்திலும் தோல் தொழிலிலும் இருந்த தமிழ் முஸ்லிம்களான லெப்பைகள் ஒரு பக்கம் இருந்தார்கள். வாணியம்பாடியில் தமிழ் மூதாதையரைக் கொண்ட பலரும் காலப்போக்கில் உருதுவை வீட்டு மொழியாக எடுத்துக்கொண்டனர். மொழியோடு சமையலும் கலந்தது. ஆம்பூர் பிரியாணி சீரகச் சம்பாவில் வெந்தது அப்படித்தான். ஷீர் குர்மாவும் இந்தக் கலப்பின் வழியே வந்தது. பாரசீகத்தில் ஷீர் என்றால் பால், குர்மா என்றால் பேரீச்சை. ஆக அதன் பெயர் பால்பேரீச்சை என்பதே. ஓட்டல் பலகையில் இதை 'சீர் குருமா' என்று எழுதும்போது பரோட்டாவுக்குத் தொட்டுக்கொள்ளும் குருமாவோடு குழப்பம் வருகிறது. அந்தக் குருமா வறுத்தல் என்று பொருள்படும் துருக்கியச் சொல்லிலிருந்து வந்தது, இரண்டுக்கும் உறவில்லை. கவனிக்க வேண்டியது வேறு. கிண்ணத்தில் நிறைந்து நிற்பது சேமியா. பெயரில் சேமியா இல்லை. பெயரைப் பிடித்துக்கொண்டது பேரீச்சை. அதற்குக் காரணம் உண்டு. நோன்புப் பெருநாள் தொழுகைக்குப் புறப்படுமுன் நபிகள் நாயகம் ஒற்றைப்படை எண்ணிக்கையில் பேரீச்சம்பழம் உண்பார் என்று புகாரி தொகுத்த நபிமொழி நூலில் வருகிறது. ஒரு மாத நோன்பு முடிந்துவிட்டது என்பதற்கு அந்தப் பழமே சாட்சி. பாலும் சேமியாவும் அந்தச் சாட்சியைச் சுற்றிக் கட்டிய விருந்து.

அந்த விருந்துக்கு ஒரு நெருக்கடி உண்டு. நோன்புப் பெருநாள் என்றைக்கு என்பது அதற்கு முந்திய மாலைவரை உறுதியாகாது. ரமலான் 29ஆம் நாள் மேற்கு வானில் பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள், தெரியாவிட்டால் இன்னொரு நோன்பு. தமிழ்நாட்டில் தலைமைக் காஜியின் அறிவிப்பு இரவில் வரும். உருது வீடுகளில் அந்த இரவுக்குச் சாந்த் ராத் என்று பெயர். அறிவிப்புக்கும் காலைத் தொழுகைக்கும் இடையே ஒரே ஒரு இரவு. அந்த இரவுக்குள் செய்து முடிக்க வேண்டிய இனிப்பு எப்படி இருக்க வேண்டும்? அதன் பொருள்கள் பெருநாள் நாளையா மறுநாளா என்று தெரியாமலேயே அலமாரியில் காத்திருக்கக்கூடியவையாக இருக்க வேண்டும். ஷீர் குர்மாவின் பட்டியலைப் பாருங்கள்: உலர்ந்த சேமியா, உலர்ந்த பேரீச்சை, பாதாம், பிஸ்தா, சாரப்பருப்பு, முந்திரி, திராட்சை, ஏலக்காய், சர்க்கரை, நெய். ஒரு நாள் தள்ளிப் போனாலும் எதுவும் கெடாது. கெடக்கூடியது பால் ஒன்றுதான், அதைப் பிறை தெரிந்தபின் வாங்கிக்கொள்ளலாம். மாவரைத்து ஊறவைக்கும் பண்டமோ புளிக்கவைக்கும் பண்டமோ இந்தப் பெருநாளின் முதல் உணவாக வளர வழியே இல்லை. 1154இல் அல் இத்ரீசி சிசிலித் தீவைப் பற்றி எழுதும்போது, திராபியா என்ற ஊரில் இத்ரிய்யா என்னும் உலர்நூல் உணவு செய்யப்பட்டுக் கப்பல் கப்பலாக ஏற்றுமதியாவதைக் குறிப்பிடுகிறார். உலர்நூலின் பலமே காத்திருக்கும் திறன். கடற்பயணத்துக்கு உதவிய அந்தத் திறன் பிறைக்கும் உதவியது.

இதைச் சரிபார்க்க அதே வீட்டிலேயே இன்னொரு பெருநாள் இருக்கிறது. பக்ரீத் துல்ஹஜ் மாதத்தின் பத்தாம் நாள் வருவது. பிறை தெரிந்து ஒன்பது நாள் கழித்துத்தான் பெருநாள் என்பதால் தேதி நன்றாக முன்கூட்டித் தெரியும். அன்று தொழுகைக்கு முன் உண்ணாமல் இருந்து, திரும்பி வந்து குர்பானி இறைச்சியோடு தொடங்குவது வழக்கம். பக்ரீதின் அடையாள உணவு அன்றைய புது இறைச்சி. நோன்புப் பெருநாளின் அடையாள உணவு சேமித்து வைத்த உலர்பொருள். வட இந்தியாவிலும் தக்காணத்திலும் நோன்புப் பெருநாளுக்கு 'மீட்டீ ஈத்', அதாவது இனிப்புப் பெருநாள் என்றே பெயர். பக்ரீதுக்கும் ஷீர் குர்மா காய்ச்சுகிற வீடுகள் உண்டே என்று கேட்கலாம். உண்டு. பழகிய ருசி எல்லா நல்ல நாளுக்கும் பரவும். ஆனால் அந்த நாளில் அது இல்லாவிட்டால் யாரும் குறையாக நினைப்பதில்லை. நோன்புப் பெருநாள் காலையில் அது இல்லாத வீட்டைப் பெருநாள் வீடு என்று சொல்ல மனம் வராது.

அடுப்பில் நடப்பதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். சேமியாவை முதலில் நெய்யில் பொன்னிறமாக வறுக்கிறார்கள். வாசனைக்காக மட்டும் இல்லை. வறுபடும்போது நூலின் மேற்பரப்பு இறுகி, ஒவ்வொரு இழைமேலும் நெய் படிகிறது. வறுக்காத சேமியாவைக் கொதிக்கும் பாலில் போட்டால் மாவுச்சத்து வெளியே கசிந்து இழைகள் ஒட்டிக் களியாகும். பேரீச்சையை முன்னதாகவே ஊறவைத்துக் கொட்டை நீக்கி நீளவாக்கில் நறுக்கி நெய்யில் ஒரு புரட்டு புரட்டுவார்கள். புளிப்பேறிய பழத்தை அப்படியே பாலில் விட்டால் பால் திரிந்துபோகும் என்ற அச்சம் இதில் உண்டு. வெல்லத்தைக் கொதிக்கும் பாலில் கொட்டினால் திரியும் என்பது தமிழ்ச் சமையலறைக்கு நன்றாகத் தெரிந்ததுதான். அதனால்தான் பால் சேர்ந்த சேமியாவுக்கு எப்போதும் சர்க்கரை, வெல்லம் போட்டால் தேங்காய்ப் பால். பால் பாதியாக வற்றியதும் சேமியாவைத் தூவி, அது வெந்தும் வேகாத பதத்தில் இறக்கிவிட வேண்டும். கிண்ணத்தில் ஊற்றிய பிறகும் நூல் பாலை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் என்பது காய்ச்சுபவர் கைக்குத் தெரியும். தொழுகை முடிந்து திரும்புவோர், தெருவார், பட்டறையில் கூட வேலை செய்வோர், அடுத்த தெரு இந்துக் குடும்பங்கள் என்று நாள் முழுக்க ஆள் வரும் வீட்டில் இது ஊற்றும் பதத்தில் இருந்தால்தான் கிண்ணம் கிண்ணமாகப் போகும். ஆக உலர்பொருள்களைத் தேர்ந்தது பிறை, நீர்த்த பதத்தைத் தேர்ந்தது வாசல். வாசலுக்கு அந்த வசதி கிடைத்தது, பெருநாள் அன்று அடுப்பு அணைய வேண்டியதில்லை என்பதால்.

கூகெலின் கதை இதற்கு நேர் எதிர். யூதரின் ஓய்வுநாளான சப்பாத் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும்போது தொடங்கிச் சனி இரவில் முடியும். நாள் தெரியாத கவலை இல்லை, ஏழு நாளுக்கு ஒருமுறை தவறாமல் வரும். ஆனால் அன்று தீ மூட்டக் கூடாது என்று யாத்திராகமத்தின் 35ஆம் அதிகாரம் விலக்குகிறது. சமைப்பதும் கூடாது. முன்பே மூட்டிய தீயில் முன்பே வைத்த பானை இருந்தால் குற்றமில்லை. இந்தச் சிறு இடைவெளிக்குள்தான் கிழக்கு ஐரோப்பிய யூதரின் ஓய்வுநாள் சமையல் முழுவதும் அடங்கியது. வெள்ளி மாலையில் இறைச்சியும் பருப்புவகையும் போட்ட சோலென்ட் பானையை மூடி, பல ஊர்களில் ஊர் ரொட்டிக்கடையின் பெரிய அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். சனி நண்பகலில் சுடச்சுட எடுத்து வருவார்கள். இடைக்கால ஜெர்மனியில் அந்தப் பானைக்குள் ரொட்டித்தூளும் கொழுப்பும் பிசைந்து உருட்டி வைத்த உருண்டைதான் கூகெல். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பொருளே உருண்டை. பின்னர் அது தனிப் பாத்திரத்துக்கு மாறியது, ரொட்டிக்குப் பதில் முட்டை சேர்த்த மாவு நூல் வந்தது. இரவு முழுக்கச் சூட்டில் கிடக்க வேண்டிய பண்டம் நீர்த்திருந்தால் வற்றித் தீய்ந்துபோகும். முட்டை அதைக் கட்டிப் பிடித்தது. அடி பொன்னிறமாக மொறுமொறுத்தது. வெட்டிப் பரிமாறும் உருவம் இப்படி வந்தது. எருசலேமில் இன்றும் செய்யும் கூகெலில் சர்க்கரையைக் கருக்கிப் பாகாக்கி மிளகைத் தாராளமாகச் சேர்த்து இரவெல்லாம் மந்தமான சூட்டில் விடுவார்கள். நூல் தேன்நிறத்திலிருந்து செம்மண் நிறத்துக்குப் போய்விடும். ஹசிதிய யூதரிடம் சப்பாத் மேசையில் குரு தம் கையால் பகிர்ந்து தரும் கூகெலுக்குப் பிரசாதம் போன்ற மதிப்பு உண்டு.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழுகிறது. பாலும் பாலாடைக்கட்டியும் சேர்ந்த இனிப்புக் கூகெல் ஓய்வுநாளின் இறைச்சி விருந்தில் வரவே முடியாது. ஆட்டுக்குட்டியை அதன் தாயின் பாலில் சமைக்காதே என்ற கட்டளை யாத்திராகமத்தில் இரண்டு இடத்திலும் உபாகமத்தில் ஓரிடத்திலும் வருகிறது. அதை விரித்த யூதச் சட்டம் இறைச்சியையும் பாலையும் ஒரே வேளையில் உண்பதையே தடுத்தது. பாத்திரமும் தனித்தனி. இறைச்சி தின்றபின் பால் தொடப் பெரும்பாலோர் ஆறு மணி நேரம் காத்திருப்பார்கள். மீன் தின்றால் பால் குடிக்காதே என்று நம் வீடுகளில் சொல்வது உடம்புக்காக. இது சட்டம். அப்படியிருக்க, பால் கூகெலுக்கும் ஓய்வுநாள் தீவிலக்குக்கும் என்ன தொடர்பு? தொடர்பு உருவத்தில் இருக்கிறது. ஓய்வுநாள் கூகெலில் போட்டது வாத்துக் கொழுப்பு அல்லது கோழிக் கொழுப்பு. பால் உணவுக்கென்றே அமைந்த ஷாவுவோத் பெருநாளும் இறைச்சி இல்லாத வேளைகளும் வந்தபோது, கை பழகிய அந்தக் கட்டியான உருவத்துக்குள்ளேயே கொழுப்பை எடுத்துவிட்டு வெண்ணெயையும் புளித்த பாலேட்டையும் பாலாடைக்கட்டியையும் வைத்தார்கள். ஷாவுவோத் அன்று சுடச்சுட ஊற்றித் தருவதைச் சட்டம் தடுக்கவில்லை. பெருநாள்களில் எரிந்துகொண்டிருக்கும் தீயில் சமைக்க அனுமதி உண்டு. இருந்தும் கூகெல் கட்டியாகவே இருந்தது. ஓர் உருவம் ஒரு தேவைக்காகப் பிறந்து, அந்தத் தேவை இல்லாத இடத்திலும் குடியேறும் என்பதற்கு இது நல்ல சான்று. சர்க்கரைக்கும் தனி வரலாறு உண்டு. 1800ஐ ஒட்டிச் சைலீசியாவில் பீட்ரூட் சர்க்கரை ஆலை தொடங்கியபின் போலந்துப் பக்கம் சர்க்கரை மலிந்தது. போலந்து யூதரின் கூகெல் இனிப்புக்கும், லிதுவேனிய யூதரின் கூகெல் உப்பு மிளகுக்கும் சாய்ந்தன. அமெரிக்காவுக்குப் போனபின் டப்பா அன்னாசியும் மேலே தூவிய கார்ன்ஃப்ளேக்ஸும் சேர்ந்தன. நம் பக்கத்திலும் ஆம்பூரை அடுத்த வடபுதுப்பட்டு, திருப்பத்தூர்ப் பக்கம் கேத்தாண்டப்பட்டி, வேலூர்ப் பக்கம் அம்முண்டி ஆகிய இடங்களில் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் எழுந்தன. வெள்ளைச் சர்க்கரை விசேஷ நாள் பொருளாக இருந்து அன்றாடப் பொருளாக மாறியதைப் பாயசத்தின் தித்திப்பில் அளக்கலாம்.

இரண்டாவது ஆட்சேபம் சொல்லாராய்ச்சியிலிருந்து வருவது. கிழக்கு ஐரோப்பிய யூதர் பேசிய இத்திஷ் மொழியின் லொக்ஷன் என்ற சொல்லுக்கு மூலம் வழுக்குவது என்று பொருள்படும் லக்ஷா என்ற பாரசீகச் சொல் என்பர். அது துருக்கிய, ஸ்லாவிய மொழிகள் வழியே யூதரிடம் போனது. ஷீர் குர்மாவும் பாரசீகப் பெயர். ஆக இரண்டும் பாரசீகச் சமையலறையிலிருந்து கிழக்கும் மேற்குமாகப் பிரிந்த ஒரே பண்டம்தானே, தேதியும் தீயும் எதற்கு என்று கேட்கலாம். சொற்கள் சரி, முடிவு சரியில்லை. லொக்ஷன் என்ற சொல் கொண்டுபோனது நூலை மட்டும். பாரசீகத்தின் பெயர்பெற்ற நூலுணவான ஆஷ் ரெஷ்தே கீரையும் பயறும் சேர்ந்த உப்புக் கஞ்சி. கூகெலின் முட்டைக் கட்டு அதில் இல்லை. இந்தப் பக்கமோ நூலுக்குப் பாரசீகப் பெயரே ஒட்டவில்லை. சேவை, சேமியா என்ற சொற்கள் சேவிகா என்ற வடமொழிச் சொல்லோடும் இந்தியின் சேவையோடும் உறவுள்ளவை. பாலுக்கும் பழத்துக்கும் பாரசீகப் பெயர், நூலுக்கு இந்தியப் பெயர். பொருள் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல் சொல்லும். அதை என்ன செய்தார்கள் என்பதற்கு அடுப்பைத்தான் கேட்க வேண்டும்.

அடுப்பு என்றதும் மூன்றாவது ஆட்சேபம்: இங்கே சுடும் அடுப்பு கிடையாது, அதனால்தான் சுடவில்லை, வேறு காரணம் தேட வேண்டாம் என்பது. இது மூன்றில் எளியது, ஏற்கவும் எளிதாகத் தோன்றுவது. ஆனால் ஆம்பூர்ச் சமையலே அதை மறுக்கிறது. பிரியாணி தேக்சாவின் மூடியைச் சுற்றி மாவு பூசி அடைத்து, மேலும் கீழும் தணல் போட்டுத் தம்மில் விடுவது அங்கே அன்றாடக் கலை. மூடிய பாத்திரத்தில் மந்தமான சூட்டில் ஒன்றைப் பக்குவப்படுத்தும் வித்தையில் சோலென்ட் பானைக்கும் பிரியாணி தேக்சாவுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வித்தை கையில் இருந்தது, அதைச் சேமியாவுக்குப் பயன்படுத்தத் தேவை எழவில்லை. சுடும் அடுப்பே இல்லாமல் கட்டியான இனிப்புச் செய்யலாம் என்பதற்கு தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய கடலோர ஊர்களிலும் இலங்கை முஸ்லிம்களிடமும் முட்டை, தேங்காய்ப் பால், வெல்லம் கலந்து ஆவியில் வேகவைக்கும் வட்டிலப்பம் பெருநாளின் இனிப்பு. அதே பிறை, அதே காலைத் தொழுகை, ஆனால் கட்டியான பண்டம். இது இக்கட்டுரையின் கருத்தைச் சற்றே திருத்துகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பிறையின் நிச்சயமின்மை பொருள்களைத்தான் கட்டுப்படுத்தும், பதத்தை அல்ல. கடலோரத்தில் தேங்காயும் முட்டையும் வீட்டிலேயே எப்போதும் இருப்பவை. அவற்றுக்கும் பிறைக்காகக் காத்திருக்கத் தெரியும். ஓரிரவில் அவித்தும் எடுத்துவிடலாம். உள்நாட்டுத் தோல்பட்டறை ஊர்களில் அந்த இடத்தை வறண்ட பேரீச்சையும் சேமியாவும் பிடித்தன.

யூதச் சட்டமே கூகெலைப் பிறப்பித்தது என்றால், அதே சட்டத்தைக் கடைப்பிடித்த இந்திய யூதரிடமும் கூகெல் இருந்திருக்க வேண்டாமா? இதுதான் இருப்பதிலேயே கூர்மையான கேள்வி. கொச்சி யூதரின் வரலாறு நீண்டது. யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குச் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் வழங்கிய செப்பேடு ஏறக்குறைய கி.பி. 1000ஐச் சேர்ந்தது. மட்டாஞ்சேரி பரதேசி ஜெபாலயம் 1568இல் கட்டப்பட்டது. கொங்கணக் கரையில் பெனே இஸ்ரவேலர் தனிச் சமூகமாக வாழ்ந்தனர். சென்னையில் 17ஆம் நூற்றாண்டில் வைரமும் பவளமும் விற்ற போர்த்துகீசிய யூத வணிகர்கள் இருந்தார்கள், பவளக்காரத் தெரு இன்றும் அந்த வணிகத்தின் பெயரைச் சுமக்கிறது. கொச்சியிலும் கொங்கணத்திலும் வெள்ளி மாலைக்குப் பின் தீ மூட்டவில்லை, பாலையும் இறைச்சியையும் சேர்க்கவில்லை. ஆனால் அவர்கள் கையில் தேங்காய் இருந்தது. தேங்காய்ப் பால் சட்டப்படி பாலே அல்ல. இறைச்சி விருந்துக்குப் பின்னும் தேங்காய்ப் பால் இனிப்பைத் தடையின்றி உண்ணலாம். பெனே இஸ்ரவேலர் தம் புத்தாண்டுக்குக் கோதுமைப் பாலும் தேங்காய்ப் பாலும் சேர்த்து ஹல்வா கிண்டுகிறார்கள். எலியா தீர்க்கதரிசியை நினைந்து படைக்கும் மலிதாவில் இனிப்பு அவலும் தேங்காய்த் துருவலும் இடம்பெறுகின்றன. பால் விலக்கு ஐரோப்பாவில் பெரிய சுவராக நின்றது. இங்கே ஒரு தென்னை மரம் அதை ஏறிக் கடக்க ஏணி கொடுத்தது. சட்டம் கேள்வியை மட்டுமே எழுப்பியது, விடையை அந்தந்த மண் எழுதியது. கூகெல் ஒரு மண்ணின் விடை. அந்த மண்ணில் தென்னை இல்லை, குளிர் உண்டு, ரொட்டிக்கடை அடுப்பு வெள்ளி இரவிலும் சூடாக இருந்தது.

நூலும் பாலும் சேர்வது தமிழுக்குப் புதிதா? புதிதில்லை. பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை, காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாட்டுடைத் தலைவனாகக் கொண்டது. அப்பம் விற்கும் கூவியர் பாகு சேர்த்துச் செய்த, நூல் சுற்றினாற் போன்ற வட்டப் பண்டம் பாலில் கிடக்கும் காட்சி அதில் உவமையாக வருகிறது. அது ஓரம் வலைபோல் விரிந்த அப்பமா, இடியாப்பம் போன்றதா என்று உரை கூறலாம். எப்படியானாலும் தொண்டை நாட்டில், இன்றைய வேலூர் அடங்கும் அந்த நிலப்பரப்பில், நூலுருவப் பண்டமும் பாலும் இனிப்பும் ஒன்றாக இருந்தன என்பதற்கு அது பழஞ்சான்று. ஆனால் அந்த நூல் அரிசி நூலாகவே இருந்திருக்கும். அன்று பிழிந்து அன்றே தின்பது. இடியாப்பமும் தேங்காய்ப் பாலும் அதன் வழித்தோன்றல். உலர்ந்து காத்திருக்கும் கோதுமை நூல் இங்கே ரமலானோடு வந்தது. அரிசியூரில் கோதுமை அயலான் தானியம். 1956இல் கையெழுத்தான பி.எல். 480 ஒப்பந்தத்தின்படி அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்திறங்கி, ரேஷன் கடை வழியே தென்னாட்டு வீடுகளிலும் நுழைந்தது. அதற்குப் பின் மைதாவும் ரவையும் எட்டாப் பொருள்களாக இல்லை. திண்டுக்கல் அணில் போன்ற நிறுவனங்களின் பாக்கெட் சேமியா மளிகைக் கடையில் தொங்கத் தொடங்கியதும், பெருநாளுக்கென்று கைச்சக்கர இயந்திரத்தில் பிழிந்து காயவைத்த நூல் எல்லா வீட்டுக்கும் உரியதாயிற்று. பாயசத்தில் அது பச்சரிசியின் இடத்தையும் பாசிப்பருப்பின் இடத்தையும் பிடித்தது ஒரே காரணத்தால்: வேகம். பஞ்சாங்கம் நாளை முன்கூட்டியே சொல்லும் வீட்டில் உலர்நூலுக்கு அவசியம் இல்லை. சொல்லாமல் வரும் விருந்தாளிக்கு உண்டு. அரை மணிக்குள் இனிப்பு வேண்டுமென்றால் சேமியாதான். சேலத்து ஜவ்வரிசி ஒரு கைப்பிடி சேர்ந்தால் பால் கொஞ்சமாக இருந்தாலும் கெட்டிப்படும். சிக்கனக்காரியின் கைப்பக்குவம் அது.

பாலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் காத்திருக்கத் தெரியாத பொருள் அதுதான். பிறை தெரிந்த இரவில் இந்த ஊர்களுக்குத் தேவைப்படும் பால் சுற்றுக் கிராமங்களின் கறவையிலிருந்து வர வேண்டும். கறவைக்குப் புல்லும் நல்ல தண்ணீரும் வேண்டும். 1996 ஆகஸ்டு 28ஆம் தேதி வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, தோல்பட்டறைக் கழிவால் இந்தப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பாழானதைப் பதிவு செய்கிறது. ஆவாரம் பட்டையாலும் கடுக்காயாலும் பதனிட்ட காலம் போய்க் குரோமியம் வந்ததன் விலை அது. அந்த விலையைக் கொடுத்தது பட்டறை முதலாளி மட்டுமல்ல, பாலாற்றங்கரையில் ஒரு மாடு வைத்துப் பிழைத்த ஒவ்வொரு வீடும். இதை வெறும் சுற்றுச்சூழல் செய்தியாகப் படிப்பது போதாது. பெருநாள் கிண்ணத்தில் ஊற்றுவது எந்தத் தண்ணீரைக் குடித்த மாட்டின் பால் என்ற கேள்வி இதில் இருக்கிறது. அமிர்தியின் நிலை வேறு. வேலூரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டரில், 1967இல் அமைந்த சிறு உயிரியல் பூங்காவும் காடுமாக இருக்கும் அந்த மலையடிவாரத்து நாகநதி கிழக்கே ஆரணிப் பக்கம் போவது. தோல் கழிவு அதில் சேர வழியில்லை. கடுக்காய் தந்த அதே ஜவ்வாது மலையில் மலையாளிப் பழங்குடியினர் இன்றும் சாமை விதைக்கிறார்கள். சாமையில் பிழிந்த சேமியா இப்போது கடைகளில் கிடைக்கிறது. கோதுமைக்குள்ள இழுவைப் பசை சாமைக்கு இல்லை. கொதிக்கும் பாலில் அதிகம் கிளறினால் நூல் நொறுங்கிக் குருணையாகிவிடும். கிளறாமல், பாலை இறக்கிய பிறகு போட்டு மூடி வைத்தால் நூலாகவே நிற்கும்.

மூடி வைத்தால் என்ன ஆகும் என்பதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி. சேமியா பாயசம் மிஞ்சிய பாத்திரத்தை மறுநாள் காலையில் திறந்தால், நூல் பாலை முழுக்க உறிஞ்சி, குளிர்ந்த மாவுச்சத்து இறுகி, பாத்திரத்தின் வடிவிலேயே கட்டி நிற்கும். கரண்டியின் ஓரத்தால் வெட்டித் துண்டாக எடுக்கலாம். முட்டையும் சுடுதலும் இல்லாமலே கிட்டத்தட்ட ஒரு கூகெல். ஐரோப்பிய யூதப் பெண் வெள்ளிக்கிழமை வேண்டி நின்ற பதம் இது. ஆம்பூர்ப் பெண் பெருநாள் நண்பகலுக்குள் வந்துவிடக் கூடாதே என்று நினைக்கும் பதமும் இதுவே. அதனால் தேக்சாவின் பக்கத்தில் இன்னொரு பாத்திரத்தில் பால் காய்ந்துகொண்டே இருக்கும். வாசலில் அடுத்த ஆள் குரல் கேட்டதும் ஒரு குவளைச் சூடான பாலை ஊற்றிக் கலக்கி, சர்க்கரை சரிபார்த்து, மேலே நாலு சாரப்பருப்பு தெரியும்படி கிண்ணத்தை நிறைப்பார்கள்.